ருவாண்டாவில் சாப்பாடும் விருந்தும்: புதிதாகப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

ருவாண்டாவின் தலைநகர் கிகாலிக்கு வேலைக்குப் போகவிருக்கும் ஒரு தம்பதி கேட்டிருக்கிறார்கள்: அங்கே என்ன சாப்பாடு கிடைக்கும்? காரம் உண்டா? ஒருவர் அசைவம், ஒருவர் சைவம் என்றால் சமாளிக்க முடியுமா? கூட வேலை செய்கிறவர்கள் வீட்டுக்குக் கூப்பிட்டால் எப்படி நடந்துகொள்வது?

முதல் மூன்றுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வயிறு நிறையக் கிடைக்கும், காரம் தனியாக வரும், சைவம் சாப்பிடுகிறவர் பட்டினி கிடக்க வேண்டிய தேவையே இல்லை. நான்காவது கேள்விதான் முக்கியம். அந்த ஊரில் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதை ஒரே வாரத்தில் தெரிந்துகொண்டுவிடலாம். எங்கே, யார் முன்னால், எப்படிக் கொடுத்து எப்படி வாங்கிச் சாப்பிடுகிறார்கள் என்பது அவ்வளவு சீக்கிரம் பிடிபடாது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லியும் தரமாட்டார்கள்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ருவாண்டாவில் சாப்பிடுவது நான்கு சுவருக்குள் நடக்கும் காரியம். பெரியவர்கள் தெருவில் நடந்துகொண்டே எதையாவது கடித்துத் தின்பது அநாகரிகம் என்ற எண்ணம் இன்றும் பலமாக இருக்கிறது. பேருந்தில் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டால் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், அவ்வளவுதான். பழைய வழக்கத்தில் இது இன்னும் கடுமையாக இருந்தது. பசிக்கிறது என்று பிறரிடம் சொல்வதே கௌரவக் குறைவு. வீட்டில் என்ன சமைத்தோம், எவ்வளவு சாப்பிட்டோம் என்பதெல்லாம் வெளியே பேசும் விஷயமல்ல. கல்யாணங்களில்கூட வெகுகாலம் விருந்தாளிக்குக் கொடுத்தது குடிக்க மட்டும்தான். பீர் அல்லது சோடா வரும், பேச்சும் பாட்டும் ஆட்டமும் மணிக்கணக்கில் நடக்கும், சாப்பாடு கிடையாது. இப்போது நகரத்தில் வசதியுள்ளவர்கள் கல்யாண விருந்து வைக்கிறார்கள். ஆனாலும் பானம் மட்டும் கொடுத்து அனுப்பும் கல்யாணத்துக்குப் போக நேர்ந்தால் உங்களை மதிக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். போவதற்கு முன்னால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

இதனால்தான் கிகாலியில் தெருவோரச் சாப்பாட்டுக் கடைகள் குறைவு. சுட்ட மக்காச்சோளமும் வறுத்த வேர்க்கடலையும் கிடைக்கும். வாங்குகிறவர் பெரும்பாலும் பொட்டலமாக எடுத்துக்கொண்டு போய்விடுவார். பொட்டலம் என்றால் காகிதப் பொட்டலம். பிளாஸ்டிக் பைகளை ருவாண்டா 2008லேயே தடை செய்துவிட்டது, விமான நிலையத்திலேயே பெட்டியைப் பார்த்து எடுத்துவிடுவார்கள். ஊறுகாயையும் பொடியையும் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு போகாமல் டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள்.

சரி, தட்டுக்கு வருவோம்.

அன்றாடச் சாப்பாட்டின் அடித்தளம் பீன்ஸ். நம் ஊர்ப் பச்சை பீன்ஸ் இல்லை, ராஜ்மா போன்ற பருப்பு, இபிஷிம்போ என்பார்கள். உலகத்தில் தலைக்கு அதிகமாக பீன்ஸ் சாப்பிடும் நாடுகளில் ருவாண்டா ஒன்று. மலைச்சரிவுகளில் உயரமான கம்புகளில் கொடி ஏறி நிற்பதைப் பயணம் முழுக்கப் பார்க்கலாம். இதைத் தண்ணீரில் வெகுநேரம் வேகவைத்து, வெங்காயம், தக்காளி, எண்ணெய், உப்பு சேர்த்து இறக்குவார்கள். கூட வாழைக்காயோ, உருளைக்கிழங்கோ, சர்க்கரைவள்ளியோ, மரவள்ளியோ, சோறோ இருக்கும். சமைக்கிற வாழைக்காய்க்கு இபிதோகே என்று பெயர். எண்ணெயில் பொரித்தும் கிடைக்கும், முழுசாகச் சுட்டும் கிடைக்கும். ஆனால் அதன் உண்மையான ருசி வேகவைத்துக் குழம்போடு சேர்ந்து கிடக்கும்போதுதான் தெரியும். உருளைக்கிழங்குக்குப் பேர்போனது வடக்கே எரிமலைகளின் அடிவாரத்தில் உள்ள முசான்ஸே பக்கம். அங்குள்ள கினிகி என்ற ஊரின் பெயரிலேயே ஒரு ரகம் விற்கிறது, அந்தக் கறுப்பு மண்ணில் விளைந்த கிழங்குக்குத் தனி மாவுத்தன்மை உண்டு. அரிசிக்கும் குறைவில்லை. தென்மேற்கே புகாராமா சமவெளியில் நெல் விளைகிறது, கடைகளில் இறக்குமதி அரிசியும் உண்டு.

நீங்களே சமைப்பதாக இருந்தால் ஒரு தகவல். கிகாலி கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், அதனால் பருப்பு வகைகள் திறந்த பாத்திரத்தில் வேகவே வேகாது போலத் தோன்றும். குக்கரை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

மதிய உணவுக்கு ஊழியர்கள் போகும் சாதாரணக் கடையை மெலாஞ்சி என்பார்கள். பெல்ஜியர் ஆட்சிக் காலத்தில் வந்த பிரெஞ்சுச் சொல் அது. வரிசையாகப் பாத்திரங்கள் இருக்கும். தட்டை எடுத்துக்கொண்டு ஒரு முனையிலிருந்து தொடங்கவேண்டும்: சோறு, அதன்மேல் வேகவைத்த கிழங்கு, பக்கத்தில் வாழைக்காய், பொரித்த உருளைக்கிழங்கு, சில இடங்களில் ஸ்பகெட்டி, பிறகு பீன்ஸ், கீரை, முட்டைக்கோஸ், மேலே குழம்பு. விதி ஒன்றுதான், ஒரு தடவை மட்டுமே எடுக்கலாம். தட்டில் எவ்வளவு நிற்கிறதோ அவ்வளவும் உங்களுடையது, விலை ஒன்றே. அதனால் பழகியவர்கள் கிழங்குகளை விளிம்போடு மதில் மாதிரி அடுக்கி, நடுவில் சோற்றையும் பீன்ஸையும் கொட்டி, சிந்தாமல் மேஜைவரை கொண்டு போவதைப் பார்க்கலாம். இறைச்சியை மட்டும் நீங்களே எடுக்க முடியாது. வரிசையின் கடைசியில் ஒருவர் கரண்டியோடு நிற்பார், ஒன்றோ இரண்டோ துண்டு வைப்பார். இன்னொன்று கேட்டால் தனிக்காசு. சைவம் சாப்பிடுகிறவருக்கு இந்த வரிசை மிகவும் வசதி, கடைசி ஆளைக் கடக்கும்போது "சிந்தியா இன்யாமா" என்று சொன்னால் போதும். இறைச்சி சாப்பிடமாட்டேன் என்று பொருள்.

ஆனால் சைவத்தில் கவனிக்க வேண்டிய இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று இசோம்பே. மரவள்ளி இலையை உரலில் நன்றாக இடித்து, நஞ்சு போகும்வரை வெகுநேரம் கொதிக்கவிட்டு, கத்தரிக்காய், வெங்காயத்தாள், வேர்க்கடலை மாவு, சிவப்பு நிறப் பாமாயில் சேர்த்துச் செய்வது. அந்த நாட்டில் நான் சாப்பிட்டவற்றில் முதலிடம் இதற்குத்தான். ஆனால் சில வீடுகளிலும் கடைகளிலும் இதில் இறைச்சியோ சிறு கருவாடோ போடுவார்கள், கருவாட்டைப் பலர் இறைச்சிக் கணக்கிலேயே சேர்க்கமாட்டார்கள். மீனும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லிக் கேளுங்கள். இரண்டாவது அகாதோகோ. வாழைக்காயைக் கீரை, தக்காளியோடு குழம்பாகச் செய்வது. காய்கறி மட்டும் போட்டும் செய்வார்கள், ஆட்டுக்குடலோ இறைச்சியோ போட்டும் செய்வார்கள். பயப்படாமல் சாப்பிடக்கூடியவை டோடோ என்கிற கீரை, வேர்க்கடலைக் குழம்பு, பூசணித் துண்டுகளோடு வேகவைத்த பீன்ஸ். டோடோ நம் தண்டுக்கீரை இனம்தான்.

இசோம்பேயோடு சேர்த்து உபுகாரி சாப்பிடுவார்கள். மரவள்ளி மாவைக் கொதிநீரில் கொட்டிக் கிளறி எடுக்கும் உருண்டை. ராகிக்களி சாப்பிட்டுப் பழகியவருக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம்: வலதுகையால் கிள்ளி, விரலால் உருட்டி, கட்டைவிரலால் குழி அழுத்தி, கீரையை அள்ளி வாயில் போட்டு, அதிகம் மெல்லாமல் விழுங்கவேண்டும். களியைவிட இது இழுபடும். மற்றச் சாப்பாட்டுக்குக் கடைகளில் முள்கரண்டி கொடுப்பார்கள்.

சமையலில் காரம் அநேகமாக இல்லை. மசாலாவும் குறைவு. முதல் நாட்களில் சப்பென்று இருப்பதாகத் தோன்றும், அதற்கு மருந்து மேஜையிலேயே இருக்கிறது: அகாபாங்கா. கண்மருந்து பாட்டில் மாதிரி சின்னதாக, சொட்டுச் சொட்டாக விழும் மூடியோடு வரும் மிளகாய் எண்ணெய். இதைத் தயாரிப்பவர் சினா ஜெரார். கிகாலியிலிருந்து முசான்ஸே போகும் சாலையில் நியிராங்கராமா என்ற இடத்தில் மந்தாசி விற்கத் தொடங்கி, பெரிய நிறுவனமாக வளர்த்தவர். அந்த வழியாகப் போகும் பேருந்துகள் அங்கே நிற்கும், நீங்களும் இறங்கி மந்தாசியும் சுட்ட கிழங்கும் வாங்கலாம். மந்தாசி என்பது எண்ணெயில் பொரித்த லேசான இனிப்பு ரொட்டி. அகாபாங்கா விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை: நாம் மிளகாய்க்குப் பழகியவர்கள் என்ற தைரியத்தில் பிழியாதீர்கள். ஒரு தட்டுக்கு இரண்டு சொட்டு போதும்.

சப்பாத்தியும் சம்பூசா என்கிற சமோசாவும் எங்கும் கிடைக்கும். கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் குடியேறிய இந்தியர் வழியாக உள்நாட்டுக்கு வந்தவை இவை. கிகாலியில் அந்தக் கடற்கரையின் சுவாஹிலிப் பண்பாட்டு வாடை அதிகமுள்ள பகுதி நியாமிராம்போ, அங்கே இரண்டும் நன்றாக இருக்கும். சம்பூசாவில் பெரும்பாலும் இறைச்சிதான் இருக்கும், சைவம் சாப்பிடுகிறவர்கள் கேட்டு வாங்கவேண்டும். அந்தப் பகுதிப் பெண்கள் 2007இல் தொடங்கிய நியாமிராம்போ பெண்கள் மையம், வெளியூரார்களைச் சந்தைக்கு அழைத்துப் போய், பிறகு ஒரு வீட்டில் உட்கார வைத்துச் சமைக்கக் கற்றுக்கொடுக்கிறது. போன முதல் மாதத்திலேயே அதில் சேர்ந்துகொள்ளுங்கள். உரலில் இலை இடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்த பிறகு சந்தையில் எதை எப்படி வாங்குவது என்ற தயக்கமே போய்விடும்.

அசைவம் சாப்பிடுகிறவர் போகிற இடம் ப்ரோஷெட் கடை. ஆட்டிறைச்சியைக் கம்பியில் கோத்து, நடுநடுவே வெங்காயமும் குடைமிளகாயும் வைத்துக் கரியில் வாட்டுவது. உடன் சுட்ட வாழைக்காயோ உருளைக்கிழங்கோ வரும், ஓரத்தில் உப்பும் மிளகாயும். சொல்லிவிட்டு முக்கால் மணி, ஒரு மணி நேரம் காத்திருப்பது சாதாரணம். முழு மீனை வாட்டித் தரச் சொன்னால் இன்னும் நேரமாகும். பசியோடு போய் உட்கார்ந்துவிட்டுப் பணியாளரைக் கூப்பிட்டுக் குரல் உயர்த்தினால் வேலை வேகமாக நடக்காது, உங்கள் மேல் மரியாதைதான் குறையும். பொது இடத்தில் கோபத்தைக் காட்டுவது அங்கே பெரிய குறை. சொல்லிவிட்டு ஒரு பானத்தை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருங்கள், எல்லா மேஜையிலும் அதுதான் நடக்கும். ஸிங்காலோ என்று எழுதியிருந்தால் அது குடல். அகாபென்ஸி என்றால் பன்றி. மாட்டையும் பன்றியையும் தவிர்ப்பவர்கள் குழம்பு எந்த இறைச்சியில் செய்தது என்று கேட்டுக்கொள்வது நல்லது. ஒரு காலத்தில் பெண்கள் ஆட்டிறைச்சி சாப்பிடக்கூடாது, சாப்பிட்டால் தாடி முளைக்கும் என்று சொல்லி வைத்திருந்தார்கள். இன்றைய இளம்பெண்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை, ஆனால் வயதான பாட்டிமார் சிலர் இன்னும் தொடுவதில்லை.

மேற்கே கிவு ஏரிப் பக்கம் போனால் சம்பாஸா சாப்பிடாமல் வராதீர்கள். நெத்திலி அளவுள்ள மீன், முழுசாக மொறுமொறுவென்று பொரித்துத் தருவார்கள். இது அந்த ஏரியின் சொந்த மீன் அல்ல, 1950களின் பிற்பகுதியில் தங்கனிக்கா ஏரியிலிருந்து கொண்டுவந்து விட்டது. ருபாவுவிலோ கரோங்கியிலோ சாயங்காலம் கரையில் நின்றால் மூன்று படகுகளை நீண்ட கம்புகளால் பிணைத்து, விளக்கோடு, பாடிக்கொண்டே மீனவர்கள் கிளம்புவதைப் பார்க்கலாம்.

இனி பால். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் ருவாண்டாவில் மரியாதை என்பது பாலோடும் மாட்டோடும் பின்னிக்கிடக்கிறது. மாடு அங்கே செல்வம், நட்பு, சம்பந்தம் எல்லாம். பெண் கேட்டுப் போகும்போது மாடு கொடுப்பது இன்றும் சடங்கில் உண்டு. மந்தை பெருகட்டும் என்று வாழ்த்துவதே பழைய வணக்கம்: ஒருவர் "அமாஷியோ" என்றால் மற்றவர் "அமாஷொங்கோரே" என்பார். கல்யாணத்தில் பெற்றோர் மணமக்களுக்கு மரக்குவளையில் பால் ஊட்டுவார்கள். தெற்கே நியான்ஸாவில் பழைய அரசரின் புல்வேய்ந்த மாளிகையைத் திரும்பக் கட்டி அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். பெரிய குடிசைக்குப் பின்னால் இரண்டு சின்னக் குடிசைகள் இருக்கும், ஒன்று பாலுக்கு, ஒன்று பீருக்கு. பால் குடிசையைக் கவனித்துக்கொண்டது கல்யாணமாகாத பெண். அங்கேயே நீண்ட கொம்புள்ள இன்யாம்போ மாடுகளையும், அவற்றுக்காகப் பாட்டுப் பாடும் பராமரிப்பாளரையும் பார்க்கலாம்.

இது பழங்கதை மட்டும் இல்லை. 2006இல் தொடங்கிய கிரின்கா திட்டத்தில் ஏழைக் குடும்பங்களுக்கு அரசு ஒரு பசு கொடுக்கிறது, அந்தப் பசு ஈனும் முதல் கிடாரிக் கன்றை வாங்கியவர் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கவேண்டும். இதுவரை 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பசுக்கள் இப்படிப் போயிருக்கின்றன. 2018 ஜூலையில் இந்தியப் பிரதமர் மோதி ருவெரு கிராமத்துக்குப் போனபோது இந்தத் திட்டத்துக்குத்தான் 200 பசுக்களைக் கொடுத்தார். அங்குள்ள மாடுகளையே வாங்கிக் கொடுத்தது எல்லோருக்கும் பிடித்திருந்தது.

நகரத்தில் இதன் இன்றைய வடிவம் பால்கடை. கிகாலியில் தெருவுக்குத் தெரு உண்டு. உள்ளே பெரிய எஃகுப் பாத்திரம், கனமான கண்ணாடிக் குவளைகள், ஓரத்தில் மந்தாசி, சப்பாத்தி, அவித்த முட்டை. சூடான பால் கேட்கலாம், அல்லது இகிவுகுத்தோ கேட்கலாம். இது குளிர்ச்சியாக, கெட்டியாக, குடிக்கிற பதத்தில் இருக்கும் புளித்த பால். தயிரும் இல்லை, மோரும் இல்லை, புளிப்பு மென்மையாக இருக்கும். வேலை முடிந்து வரும் ஆண்கள், கோட்டுப் போட்டவர் உட்பட, அரை லிட்டர் குவளையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சைவம் சாப்பிடும் பெண் தனியாகப் போய்த் தயங்காமல் உட்காரக்கூடிய இடம் இதுதான் என்பேன். பாலைக் கொண்டுவந்தால் பாதியில் வைத்துவிட்டு எழாதீர்கள். ஒரு வீட்டில் உங்களுக்குப் பால் கொடுத்தால் அது தாகத்துக்கு மட்டும் கொடுப்பது அல்ல, உங்களை மதித்துக் கொடுப்பது.

தேநீரையும் பாலிலேயே காய்ச்சுவார்கள், இஞ்சி தட்டிப் போட்டு. உணவகப் பட்டியலில் ஆப்பிரிக்கன் டீ என்று இருப்பது இதுதான், நமக்கு உடனே பிடித்துவிடும். காப்பி விளைவது முக்கியமாக ஏற்றுமதிக்கு, வீடுகளில் குடிப்பது தேநீர். காலையில் பலர் இகிகோமா என்ற கஞ்சி குடிப்பார்கள், சோளம், கேழ்வரகு, சோயா மாவுகளில் காய்ச்சுவது. பழங்களில் மராகூஜா என்கிற பேஷன் பழமும் அன்னாசியும் அருமை. இபின்யோமோரோ என்று விற்பது கொடைக்கானல் பக்கம் கிடைக்கும் மரத்தக்காளி.

பீர் குடிக்கிறவரிடம் பணியாளர் கேட்கும் முதல் கேள்வி: குளிர்ந்ததா, சாதாரணமா? குளிர வைக்காத பீரை விரும்புகிறவர்கள் நிறையப் பேர். குளிர்ந்தது வேண்டுமென்றால் "இகோஞ்ஜே" என்று சொல்லுங்கள். பாட்டில் மூடியோடு வரும், உங்கள் கண்முன்னால்தான் திறப்பார்கள். சோடாவுக்கும் அப்படித்தான். திறந்து கொண்டுவந்த பாட்டிலை ருவாண்டாக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். பானத்தில் நஞ்சு கலப்பார்கள் என்ற அச்சம் அந்தச் சமூகத்தில் வெகுகாலமாக உண்டு, அதற்கான ஒழுங்கு முறை இது. கிராமத்தில் வாழைப்பழ பீரான உர்வாக்வாவோ சோள பீரான இகிகாகேயோ பானையில் கொடுத்தால் வீட்டுக்காரர் முதலில் தான் ஒரு வாய் குடித்துக் காட்டிவிட்டுத்தான் விருந்தாளியிடம் தருவார். அவர் முந்திக்கொண்டதாக நினைக்காதீர்கள், பயமில்லாமல் குடியுங்கள் என்று சொல்கிறார். முன்பெல்லாம் ஒரே பானையில் நாணல் குழாய் போட்டு எல்லோரும் மாற்றி மாற்றி உறிஞ்சுவார்கள். சுகாதாரக் காரணத்தால் இப்போது அரசு அதை ஊக்குவிப்பதில்லை, உங்களுக்குத் தனிக் குவளை கேட்டால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

மது வேண்டாம் என்றால் எந்தச் சங்கடமும் இல்லை. அட்வென்டிஸ்ட், பெந்தகோஸ்தே சபைகளைச் சேர்ந்தவர்களும் முஸ்லிம்களும் குடிப்பதில்லை, அதனால் எல்லா வீட்டிலும் ஃபான்டா இருக்கும். எந்தச் சோடாவையும் ஃபான்டா என்றுதான் சொல்வார்கள். எதுவுமே வேண்டாம் என்று சொல்வதுதான் தவறு. ஒரு டம்ளர் தண்ணீராவது, தேநீராவது வாங்கிக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரைப் பயணிகள் குடிக்காமல் இருப்பது நல்லது. பாட்டில் தண்ணீர் எல்லா இடத்திலும் உண்டு.

வீட்டுக்குக் கூப்பிட்டால் கையை வீசிக்கொண்டு போகாதீர்கள். பழம், சர்க்கரை, தேயிலை, குழந்தைகள் இருந்தால் பிஸ்கட், வசதிப்பட்டால் சில சோடா பாட்டில்கள் போதும். கொடுக்கும்போது இரண்டு கையாலும் கொடுக்கலாம், அல்லது வலதுகையால் கொடுத்து இடதுகையை வலது முன்கையில் வைத்துக்கொள்ளலாம். வாங்குவதும் அப்படித்தான். பெரியவர்களுக்குக் கைகொடுக்கும்போதும் இதே முறை. அறையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வணக்கம் சொல்லவேண்டும், ஒருவரை விட்டுவிட்டாலும் கவனிப்பார்கள்.

உட்கார்ந்ததும் பானம் வரும், பிறகு நீண்ட பேச்சு. சாப்பாடு எப்போது என்று கேட்கவே கூடாது. அது வரும்போது ஒரு இளையவர் குடத்தில் தண்ணீரும் கீழே ஏந்த ஒரு தட்டும் சோப்பும் கொண்டு வந்து உங்கள் முன் குனிந்து நிற்பார், முதலில் விருந்தாளி. இரண்டு கையையும் நீட்டிக் கழுவிவிட்டு "முராகோஸே" என்று நன்றி சொல்லுங்கள். பெரும்பாலான வீடுகளில் யாராவது ஜெபம் சொல்வார்கள், அது முடியும்வரை தட்டைத் தொடாதீர்கள். பாத்திரங்களை மேஜையில் வரிசையாக வைத்து முதலில் உங்களைத்தான் எடுக்கச் சொல்வார்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுங்கள். இறைச்சி விலை அதிகமான பொருள், குழந்தைகள் பின்னால் காத்திருப்பார்கள், பெரிய துண்டுகளைத் தேடாதீர்கள். சைவம் என்பதை அழைப்பை ஏற்கும்போதே சொல்லிவிடுங்கள். மேஜையில் வந்து சொன்னால், உங்களுக்காகவே இறைச்சி வாங்கிச் சமைத்த அம்மாவின் முகம் வாடிப்போகும். சாப்பிடத் தொடங்கும்போது "முர்யோஹெர்வே" என்பார்கள். நன்றாக இருக்கிறது என்று சொல்ல "பிராரியோஷியே". சத்தம் போட்டுப் பேசிச் சிரிக்கும் மேஜையாக இருக்காது. அமைதியாகச் சாப்பிடுவார்கள், உங்கள் குரலையும் தாழ்த்திக்கொள்ளுங்கள்.

நாம் எல்லோரும் கேட்கும் ஒரு கேள்வியை அங்கே விட்டுவிடவேண்டும்: அப்பா அம்மா எங்கே, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர்? 1994இல் துட்சி இனத்தாருக்கு எதிராக நடந்த இனப்படுகொலையில் இழப்பைச் சந்திக்காத குடும்பம் அரிது. நீங்கள் அன்பாகக் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் ஒருவர் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்திருக்கும்படி ஆகிவிடும். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். யார் எந்த இனம் என்பதை எந்தச் சூழலிலும் கேட்காதீர்கள், அடையாள அட்டையிலிருந்தே இனம் நீக்கப்பட்டுவிட்டது. ஏப்ரல் 7 முதல் ஒரு வாரம் நாடே துக்கம் அனுசரிக்கும், அப்போது விருந்து, பாட்டு, கொண்டாட்டம் எதுவும் வைக்காதீர்கள். நினைவுகூரும் காலம் ஜூலை தொடக்கம்வரை நீளும். ஆகஸ்டின் முதல் வெள்ளியன்று வரும் உமுகனுரா அறுவடைத் திருநாள். அன்று யாராவது கூப்பிட்டால் கட்டாயம் போங்கள்.

கிளம்பும்போது எழுந்து கைகொடுத்துவிட்டு ஓடிவிட முடியாது. போகிறேன் என்று சொன்னதும் இன்னொரு பானம் வரலாம், அது வழியனுப்பும் பானம். பிறகு வீட்டுக்காரர் உங்களோடு நடந்து வருவார், வாசல்வரை இல்லை, பாதிவழிவரை, சில சமயம் பேருந்து நிறுத்தம்வரை. "எதற்கு சிரமம், உள்ளே போங்கள்" என்று நாம் சொல்வது அங்கே அவரைத் தடுப்பது மாதிரி ஆகிவிடும். பேசிக்கொண்டே நடந்து வாருங்கள், எங்கே நிற்பது என்பதை அவர் முடிவு செய்வார்.

சில்லறை விஷயங்கள்: வெளியே சாப்பிடக் கூப்பிட்டவர்தான் பணம் கொடுப்பார், நீங்கள் கூப்பிட்டால் நீங்கள். டிப்ஸ் கட்டாயமில்லை, நல்ல உணவகத்தில் 10 சதவீதம் வைக்கலாம். கைபேசிப் பணம் எங்கும் செல்லும், போன உடனே அதற்கான சிம் வாங்கிக்கொள்ளுங்கள். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை காலை உமுகாண்டா என்ற பொதுப்பணி நேரம், கடைகள் முற்பகல்வரை மூடியிருக்கும். வீட்டில் பால், ரொட்டி இருக்கிறதா என்று முந்தைய நாளே பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வேலைக்கு நீங்களும் போகலாம், அக்கம்பக்கத்தார் பெயர் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி இல்லை.

அப்புறம், அவர்களை நீங்கள் திரும்பக் கூப்பிடவேண்டும். சாம்பார், ரசம் எல்லாம் வையுங்கள், ஆனால் மிளகாயைப் பாதியிலும் பாதியாகக் குறைத்துவிடுங்கள். உருளைக்கிழங்குப் பொரியல், சப்பாத்தி, பருப்பு, கீரைக்கூட்டு இருந்தால் தயக்கமின்றிச் சாப்பிடுவார்கள். சோடா பாட்டிலைச் சமையலறையில் திறந்து டம்ளரில் ஊற்றிக்கொண்டு வராதீர்கள், மேஜையில் வைத்து அவர்கள் முன்னால் திறங்கள். கிளம்பும்போது செருப்பைப் போட்டுக்கொண்டு நீங்களும் கூடவே இறங்கிச் சாலைவரை போங்கள்.